அலெக் ஜோன் சச் போயிட்டார்: பொன் ஜோவியின்ட முதல் பேஸ்காரருக்கு இஞ்ச இருந்து

நாலாம்_கம்பி (கல்லடி, மட்டக்களப்பு)
6 ஜூன் 2022, இரவு 9.10

கரண்ட் இப்பதான் வந்திச்சு. பகல் முழுக்க மனசுக்குள்ள வைச்சிருந்ததை எழுதுறன்.

அமெரிக்க ரொக் குறூப் பொன் ஜோவியில பேஸ் கிற்றார் அடிச்ச அலெக் ஜோன் சச் செத்துட்டார். 70 வயசு. குறூப்பின்ட பாடகர் ஜோன் பொன் ஜோவியே அறிவிச்சிருக்கார். விடியச்சாமம் பெற்றோல் கியூவில மோட்டர்சைக்கிளை விட்டுட்டு, அதுக்கு மேலயே சாஞ்சிக்கிட்டுப் போனைப் பாக்கக்குள்ள கண்டன். முன்னுக்கு நிண்ட ஓட்டோக்கார அண்ணன் என்ட முகத்தைப் பாத்துட்டு, "என்ன தம்பி, வீட்டில ஏதும் பிரச்சினையா?" எண்டு கேட்டார். "இல்லண்ணன், சின்ன வயசில இருந்து கேட்டுக்கிட்டு வந்த ஒரு குறூப்பில பேஸ் அடிச்சவர் போயிட்டார்" எண்டன். அவர் கொஞ்சநேரம் பேசாம நிண்டுட்டு, "பாலு போனண்டைக்கு நானும் ஓட்டோவை ஓரமா விட்டுட்டு இருந்தனான்" எண்டார். அவருக்குப் பொன் ஜோவி ஆரெண்டு தெரியா. விளங்கினது எனக்குப் போதும்.

1983இல நியூஜெர்சியில அந்தக் குறூப் துவங்கினதில இருந்து 1994 மட்டும் பேஸ் அவர்தான். முதல் அஞ்சு அல்பத்தின்ட அட்டையிலயும் அவர்ர பேர் இருக்கு. குறூப்பை விட்டு முதல்ல விலகினவரும் அவர்தான். இப்ப குறூப்பில இருந்த அந்த அஞ்சு பேரில முதல்ல போனவரும் அவராயிட்டார்.

1993இல எனக்கு 15 வயசு. புளியந்தீவில ஒரு ரெக்கோடிங் கடையில தொண்ணூறு நிமிசக் கசற் ஒண்டில ஒரு பக்கம் ஸ்லிப்பரி வென் வெற் அல்பம், மற்றப் பக்கம் கீப் த ஃபெய்த் அல்பத்தில கொள்ளக்கூடிய அளவு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில அறுந்துபோகும். இண்டைக்கும் அந்தப் பாட்டைக் கேக்கக்குள்ள அந்த இடத்தில மனசு ஒருக்கா நிண்டுதான் போகுது.

இஞ்ச ஆரும் இருந்தா எழுதுங்க. தனிய இருந்து துக்கப்பட ஏலாமக் கிடக்கு.

---

புளியந்தீவான்
6 ஜூன், இரவு 9.32

ஆழ்ந்த அனுதாபம் தம்பி. நான் உங்கள் எல்லோரையும் விட வயதில் மூத்தவன். 2018 ஏப்ரலில் கிளீவ்லண்டில் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேமில் அவர்களைச் சேர்த்துக் கௌரவித்தபோது, விலகிப்போய் இத்தனை வருடத்துக்குப் பிறகும் அலெக்கைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்தினார்கள். ஜோனின் கனவில் தானும் ஒரு பங்காக இருந்தது சந்தோசம் என்ற மாதிரிச் சுருக்கமாகப் பேசினார். எனக்கு அன்றைக்குக் கண் கலங்கியது. பிரிந்துபோன ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவது எல்லாக் குழுவும் செய்கிற காரியமில்லை.

---

பாசிக்குடா_காத்து
6 ஜூன், இரவு 10.05

கோவிக்காதீங்க அண்ணன்மார். எனக்கு 21. பொன் ஜோவி கேப்பன், ஆனா எனக்குத் தெரிஞ்ச பேஸ்காரர் ஹியூ மக்டொனால்ட்தான். இவர்ர பேரை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். இன்னொண்டும் கேக்கன். பாட்டில பேஸ் எது எண்டு எனக்குப் பிரிச்சுக் கேக்கவே தெரியா. கிற்றார் விளங்கும், ட்ரம்ஸ் விளங்கும். பேஸ்காரர் ஒராளுக்காக இவ்வளவு கவலைப்படுறீங்க எண்டா அதில என்னமோ இருக்கு. சொல்லித்தாங்க.

---

நாலாம்_கம்பி
6 ஜூன், இரவு 10.58

தம்பி, இதில கோவிக்க என்ன கிடக்கு. நல்ல கேள்வி. நானும் ரெண்டு வருசம் பேஸைக் கேக்காமலேதான் பொன் ஜோவி கேட்டனான்.

எங்கட வீட்டில இருந்தது கைக்குள்ள அடங்குற ஒரு பற்றரி ரேடியோ கசற். ஸ்பீக்கர் சிரட்டை அளவு. பேஸ் கிற்றாரின்ட தடிச்ச கம்பி, அதுதான் நாலாம் கம்பி, செக்கனுக்கு 41 தரம்தான் அதிரும். அந்தச் சிரட்டை ஸ்பீக்கருக்கு அந்தச் சத்தத்தைத் தர ஏலா. அதோட எனக்குக் கிடைச்ச கசற் எத்தனையாவது கொப்பியோ தெரியா. ஜோன்ட குரல் வரும், ரிச்சியின்ட கிற்றார் வரும், டேவிட்ட கீபோர்ட் வரும், டிக்கோட ட்ரம்ஸ் தகரத்தில தட்டுற மாதிரி வரும். அலெக் மட்டும் வரமாட்டார். ஆள் இருக்கார் எண்டு கசற் அட்டையில இருந்த போட்டோவிலதான் தெரியும்.

1995இல ஒரு கலியாண வீட்டுக்குப் பாட்டுக் குறூப் வந்திச்சு. சாமான் இறக்கி முடிஞ்சு, பாட்டுத் துவங்க முன்னம் சவுண்ட் பாக்கிறதுக்கு லிவிங் ஒன் எ ப்ரேயரைக் கசற்றில போட்டாங்க. ஆளுயரப் பெட்டி ரெண்டு. நான் பந்தல் கம்பைப் பிடிச்சிக்கிட்டு நிண்டனான். துவக்கத்திலேயே அந்தக் கம்பு கையுக்குள்ள அதிர்ந்திச்சு. காதுக்கு முதல் கைதான் கேட்டிச்சு. ரெண்டு வருசமா மனப்பாடமான பாட்டு. அதுக்குள்ள இன்னொராள் அவ்வளவு நாளும் நிண்டிருக்கார் எண்டு அப்பதான் கண்டன்.

தம்பி, ஹெட்போனைப் போட்டுட்டு அந்தப் பாட்டின்ட கடைசிக் கோரஸ் வாற இடத்தைக் கேளுங்க. சுருதி மூணு அரைச்சுரம் மேல ஏறும். ஏறுறதுக்கு முதல் ஒரு அடியை விழுங்கிட்டு, நாம எதிர்பாக்கிறதுக்கு முந்தியே பாயும். அந்த இடத்தில பேஸும் ட்ரம்ஸும் ஒண்டா நிக்காட்டி பாட்டு கவிழ்ந்திடும். அந்தப் பாட்டை முதல் பதிஞ்சது ஜோனுக்குப் பிடிக்கல்ல. ரிச்சிதான் விடாமல் நிண்டார். பேஸ் வரியை மாத்தி, கிற்றாரைப் பேசவைக்கிற டோக் பொக்ஸ் சேத்துத்தான் அது இந்தப் பாட்டாயிச்சு. 1987இல அமெரிக்காவில நாலு கிழமை முதலாம் இடம்.

---

கல்முனை_ரெண்டுடெக்
7 ஜூன், காலை 6.20

இன்னா லில்லாஹி. நேத்தே பாத்தன், கரண்ட் போனதால எழுதக் கிடைக்கல்ல.

அண்ணன் சொன்ன கசற்றின்ட கொப்பி எங்கட ஊட்டிலயும் இரிந்திச்சு. வாப்பா சவூதியில இரிந்து வரக்குள்ள ரெண்டு டெக் உள்ள ரேடியோ ஒண்டு கொண்டந்தார். ஓதுற கசற்றும் பயானும் கேக்கத்தான் கொண்டந்த. உம்மா தூங்கினாப் பொறகு நான் அதில பொன் ஜோவி கொப்பி அடிப்பன். மட்டக்களப்பில டியூசன் படிக்கிற ஒரு கூட்டாளிதான் ஒரிஜினல் தந்தவன். ஒரிஜினல் எண்டா அதுவும் கொப்பிதான்.

அந்த நாளையில கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவில எத்தினை செக்பொயின்ற் எண்டு உங்களுக்கெல்லாம் தெரியும். பஸ்ஸால இறங்கி, நடந்து, பேக்கைத் திறந்து காட்டி, திரும்ப ஏறணும். ஒருக்கா ஒரு ஆமிக்காரப் பொடியன் என்ட பேக்குக்குள்ள இரிந்த கசற்றை எடுத்து அட்டையைப் பாத்தான். பேனையால இங்கிலீசில நான் எழுதின பேர். கசற்றைப் புடுங்கப் போறான் எண்டு நெஞ்சு அடிச்சிச்சு. அவன் சிரிச்சிட்டு, பாட்டின்ட முதல் வரியை மெல்லமாப் பாடிக் காட்டிட்டுத் தந்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இரிக்கும். அவன் இப்ப எங்க இரிக்கானோ, உசிரோட இரிக்கானோ. அலெக்கின்ட செய்தியைக் கண்டதும் எனக்கு முதல் ஞாபகம் வந்தது அவன்தான்.

---

ஒலிப்பெட்டி_ஏறாவூர்
7 ஜூன், பகல் 1.15

எல்லாரும் உருகி எழுதுறீங்க, எனக்கும் கவலைதான். ஆனா ஒரு விசயத்தைச் சரியாச் சொல்லணும். அவங்கட முதல் ஹிட் ரன்அவேயில பேஸ் வாசிச்சது அலெக் இல்ல. குறூப் சேருறதுக்கு முன்னமே ஜோன் கூலிக் கலைஞர்களை வைச்சுப் பதிஞ்ச பாட்டு அது. பேஸ் ஹியூ மக்டொனால்ட், கிற்றார் ரிம் பியேர்ஸ், கீபோர்ட் ரோய் பிட்டன். 1994க்குப் பிறகு அலெக்கின்ட இடத்துக்கு வந்த அதே ஹியூதான். அந்த மனுசன் 2016 மட்டும் மெம்பர் எண்ட பேரே இல்லாமல் பின்னுக்கு நிண்டு வாசிச்சவர். முன்னம் வந்த அல்பங்களிலயும் அவர்ர கை இருக்கு எண்டு கதை இருக்கு. நான் 20 வருசமா சவுண்ட் போடுறவன். பேர் வராமல் வேலை செய்யிறவன்ட வலி எனக்குத் தெரியும். ஒராளுக்கு அழுறதுக்காக இன்னொராள்ட வேலையைத் தூக்கிக் குடுக்கக் கூடாது.

---

நாலாம்_கம்பி
7 ஜூன், பின்நேரம் 5.40

நான் ரன்அவே எண்டு ஒரு இடத்திலயும் எழுதல்ல. செய்தி வந்து ரெண்டு நாள் முடியல்ல, கணக்குப் பாக்கிற நேரமா இது?

---

ஒலிப்பெட்டி_ஏறாவூர்
7 ஜூன், பின்நேரம் 5.52

செத்தவருக்கு உண்மையைச் சொல்லித்தான் மரியாதை செய்யணும் எண்டு நினைக்கிறவன் நான். உங்களைக் குத்திச் சொல்லல்ல.

---

புளியந்தீவான்
7 ஜூன், இரவு 8.15

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி.

ஏறாவூர்த் தம்பி சொன்ன ரன்அவே விசயம் உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஹியூவுக்கு உரியது ஹியூவுக்கு. ஆனால் அலெக் செய்த வேலையை வாசித்த பாட்டுகளை மட்டும் வைத்து அளக்க முடியாது. அவர் சேயர்வில் என்ற ஊரில் ஹங்கா பங்கா போல்ரூம் என்ற மண்டபத்தின் மனேஜராக இருந்தவர். ஜோன் பேரில்லாத பொடியனாக வேறு ஒரு குழுவோடு திரிந்த காலத்தில் அவனுக்கு மேடை கொடுத்தவர். ஜோனை விடப் பத்து வயது மூத்தவர். பிறகு தானே அந்தப் பொடியனின் குழுவில் வந்து சேர்ந்தார். டிக்கோ இவருடைய பழைய சிநேகிதர். ரிச்சியோடு வேறொரு குழுவில் முன்னமே வாசித்திருந்தார், அவரை ஜோனின் நிகழ்ச்சி பார்க்கக் கூட்டிப்போனவரும் இவர்தான். அலெக் வழியாகத்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டோம் என்ற மாதிரி ஜோன் தன் அஞ்சலியில் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

நமது ஊரில் கூத்துப் பழக்கியவர்களுக்கு இது விளங்கும். நான் சின்ன வயதில் வடமோடிக் கூத்து ஒன்றில் ஆடியிருக்கிறேன். களரியில் ஆடுகிறவனைச் சனம் பார்க்கும், கூத்தை நடத்துகிற அண்ணாவியாரின் மத்தளத்தைக் கேட்கும். ஆனால் அதற்கு ஆறு மாதத்துக்கு முதல் ஒருவர் வீடு வீடாகப் போயிருப்பார். "உன்ர மகனை விடு, அவனுக்கு நல்ல குரல்" என்று தாய்மாரிடம் கெஞ்சுவார். வயல் வேலை என்று நழுவுகிறவனைப் பிடித்து வருவார். சண்டை பிடித்த இரண்டு பேரை ஒரே ஆட்டத்தில் சேர்த்துவிடுவார். அரங்கேற்றத்தன்று அவர் பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடுவார், அல்லது விளக்குக்கு எண்ணெய் விடுவார். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் செத்த பிறகு அந்த ஊரில் கூத்து ஏறவில்லை. ஆடத் தெரிந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

---

ஒலிப்பெட்டி_ஏறாவூர்
7 ஜூன், இரவு 8.40

ஐயா, இப்பிடி நான் யோசிக்கல்ல. நாலாம் கம்பி அண்ணன், மனசில வைக்காதீங்க.

---

நாலாம்_கம்பி
7 ஜூன், இரவு 8.44

ஒண்டுமில்ல தம்பி. நீங்க சொன்னதும் தேவைதான். ஹியூவையும் நான் விட்டுட்டு எழுதினது பிழை.

---

டச்பார்_வயலின்
9 ஜூன், இரவு 11.20

மூணு நாளா வாசிச்சிக்கிட்டுத்தான் இருந்தன். எழுதுறதா விடுறதா எண்டு தெரியல்ல.

நாங்க பறங்கியர், போத்துக்கீசர் வழி வந்த ஆக்கள். எங்கட வீட்டுக் கலியாணங்களில வயலினும் கிற்றாரும் இல்லாமல் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் நடக்கா. நான் வயலின், எங்கட அண்ணன் பேஸ். தச்சு வேலை செய்யிறவன். அவன்ட பேஸ் கொழும்பில செக்கன் ஹாண்டில வாங்கினது, கழுத்து கொஞ்சம் வளைஞ்சது. அவனே சீவிச் சரிப்பண்ணினான். கலியாண வீட்டில எல்லாம் முடிஞ்சு, பெரியாக்கள் போனாப் பிறகு, அவன் கீப் த ஃபெய்த்தின்ட துவக்கத்தை அடிப்பான். அந்தப் பாட்டு பேஸிலதான் நடக்கும், கேட்டிருப்பீங்க. அவன் அடிக்கத் துவங்கினா கதிரை அடுக்கிற பொடியன்மாரும் நிண்டுடுவாங்க.

2004 மார்கழி 26இல டச்பாரில கடல் எங்களிட்ட எடுத்ததை நான் எழுதத் தேவையில்ல. அண்ணன் கிடைச்சான். பேஸ் கிடைக்கல்ல. ஒரு மாசத்துக்குப் பிறகு அதின்ட கழுத்து மட்டும் வாவிப் பக்கம் கரையொதுங்கி இருந்திச்சு. அவன் சீவின அடையாளம் இருந்ததால தெரிஞ்சிச்சு. இப்பவும் வீட்டில இருக்கு.

அலெக்கை எங்கட அண்ணனுக்கு அவ்வளவு பிடிக்கும். பதினெட்டு வருசமா இதைக் கதைக்க எனக்கு ஆளில்ல. அதுதான் எழுதினன்.

---

கல்முனை_ரெண்டுடெக்
10 ஜூன், காலை 5.50

சுபஹு தொழுதிட்டு வந்து வாசிச்சன். என்ன எழுதுற எண்டு தெரியல்ல. உங்கட அண்ணனுக்காக துஆ செஞ்சன்.

---

நாலாம்_கம்பி
10 ஜூன், இரவு 7.30

டச்பார், உங்கட அண்ணனை எனக்குத் தெரியும் எண்டு நினைக்கிறன். 1995 கலியாண வீடு எண்டு எழுதினனே, அந்தக் குறூப்பில பேஸ் அடிச்சவர் நெட்டையா, சுருட்டை மயிரா இருந்தார். கையில மரவேலைக் காயம். அவரா?

---

டச்பார்_வயலின்
10 ஜூன், இரவு 7.41

இடது பெருவிரலில நகம் இல்லாமலா?

---

நாலாம்_கம்பி
10 ஜூன், இரவு 7.43

ஓம். அந்தக் கையைப் பாத்துத்தான் நான் பேஸ் பழகினனான்.

---

புளியந்தீவான்
11 ஜூன், காலை 9.00

14ஆம் திகதி பொசன் போயா, முழுநிலவு. கல்லடியில் வாவிக் கரையில் கொஞ்சப் பேர் கூடுவோமா? அலெக்குக்கும், டச்பாரின் அண்ணனுக்கும். ஒரு கிற்றார், ஒரு வயலின் இருந்தால் போதும்.

---

ஒலிப்பெட்டி_ஏறாவூர்
11 ஜூன், காலை 9.25

நான் வாறன். ஆனா ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்ல, பெரிய பற்றரியும் சார்ஜ் ஏற்ற ஏலாது. அம்ப் இல்லாட்டி பேஸ் கேக்காது. பேஸ்காரருக்குப் பேஸ் இல்லாத அஞ்சலி எப்பிடி?

---

நாலாம்_கம்பி
11 ஜூன், இரவு 10.10

இதுக்கு ஒரு வழி இருக்கு. அம்ப் வாங்கக் காசில்லாத காலத்தில இதிலதான் பழகினனான். பேஸின்ட தலைப்பக்கத்தை, கம்பி முறுக்கிற இடத்தை, ஒரு மர அலுமாரியில அல்லது கதவில அழுத்திப் பிடிச்சிக்கிட்டு அடிச்சா மரம் முழுக்கப் பாடும். இண்டைக்குக் கரண்ட் போனாப் பிறகு செஞ்சு பாத்தன். முதிரைக் கதவு. மகள் மற்றப் பக்கம் நிண்டு கன்னத்தை வைச்சுக் கேட்டாள். "அப்பா, கதவு கதைக்குது" எண்டாள். ஆறு வயசு.

ஒரு தோணியைக் கவிழ்த்துப் போட்டா அது கதவை விடப் பெரிய பெட்டி.

---

புளியந்தீவான்
11 ஜூன், இரவு 10.30

எங்கள் வாவியின் பாடும் மீனை எங்கள் அப்பா அப்படித்தான் கேட்கவைத்தார். நிலவு நாளில் தோணியில் போய்த் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற நுனியைக் காதில் வைக்கச் சொல்வார். சும்மா இருந்தால் ஒன்றும் கேட்காது. மரம் வழியாகத்தான் வரும்.

---

பாசிக்குடா_காத்து
15 ஜூன், காலை 8.20

நேத்து நானும் போனன். சைக்கிளில. 30 கிலோமீற்றருக்கு மேல, ஆனா பெற்றோலுக்கு நிக்கிறதை விடச் சுகம்.

எட்டுப் பேர் வந்தாங்க. மரத் தோணி ஒண்டைக் கவிழ்த்து வைச்சு, நாலாம் கம்பி அண்ணன் அதில பேஸின்ட தலையை அழுத்திக்கிட்டு இருந்தார். டச்பார் அக்கா வயலின். (அவங்க அக்கா எண்டு அங்க போய்த்தான் தெரியும்.) ஏறாவூர் அண்ணன் தோணியில கையால தாளம் போட்டார். ஐயா ஒண்டும் செய்யல்ல, எல்லாருக்கும் பிளாஸ்கில பிளேன்ரீ ஊத்தித் தந்தார்.

அக்கா அந்தப் பேஸின்ட கழுத்தைக் கொண்டுவந்திருந்தா. தோணிக்கு மேல வைச்சா. அண்ணன் கீப் த ஃபெய்த் துவங்கக்குள்ள அதுவும் சேந்து அதிர்ந்திச்சு, மெல்லமா ஒரு டிர்ர் எண்டு. அக்கா அதில கையை வைச்சிக்கிட்டு நிண்டா. வயலின் எடுக்கல்ல. அந்தப் பாட்டு முடியுமட்டும் பேஸ் மட்டும்தான்.

நான் தோணியில காதை வைச்சுக் கேட்டன். எது பேஸ் எண்டு இனி எனக்குத் தெரியும்.

---

கல்முனை_ரெண்டுடெக்
15 ஜூன், இரவு 9.05

வர ஏலாமப் போயிட்டு. பஸ்ஸும் இல்ல, எண்ணெயும் இல்ல. நாலாம் கம்பி அண்ணன் போனைத் திறந்து தோணியில வைச்சிரிந்தார், நான் இஞ்ச மொட்டை மாடியில இரிந்து கேட்டன். வயலின் கேட்டிச்சு, காத்துக் கேட்டிச்சு, ஆரோ இருமினதும் கேட்டிச்சு. பேஸ் மட்டும் போனுக்குள்ளால வரல்ல, அந்த நாளையில கசற்றில வராத மாதிரியே. ஆனா எங்க எங்க அடிக்கிறீங்க எண்டு எனக்குத் தெரியும். நான் காலால தட்டிக்கிட்டு இரிந்தன்.

அந்தக் கசற் இன்னும் இரிக்கி. ரிப்பன் ஒரு இடத்தில அறுந்து ஒட்டின. எண்ணெய் கிடைச்சா அடுத்த கிழமை கொண்டாறன், ஏறாவூர் தம்பி அதைப் பெரிய பெட்டியில ஒருக்காப் போட்டுக் காட்டுங்க.

---

ஒலிப்பெட்டி_ஏறாவூர்
15 ஜூன், இரவு 9.12

கசற் டெக்கின்ட பெல்ற் இத்துப்போய்க் கிடக்கு. மாத்தி வைக்கிறன். கொண்டாங்க.